‘முதலில் வேலைக்கு வா, விசா அப்புறம்’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து நான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். 60 நாள் விசிட் விசாவில் துபாய் வந்து இன்றோடு 41 நாள் ஆகிறது. டெய்ராவில் பெட் ஸ்பேஸில் தங்கியிருக்கிறேன். அல் கூஸில் ஒரு கம்பெனி என்னைத் தேர்வு செய்துவிட்டது. சம்பளம் 2,200 திர்ஹம். “நாளைக்கே வேலைக்கு வா, விசா பத்து நாளில் வந்துவிடும்” என்கிறார்கள். விசா செலவு 6,000 திர்ஹத்தை மாதம் 500 வீதம் சம்பளத்தில் பிடிப்பார்களாம். பாஸ்போர்ட்டையும் கேட்கிறார்கள். ஊரில் கடன் வாங்கித்தான் வந்திருக்கிறேன். போகலாமா?
– ஒரு வாசகர், துபாய்

பதில்: தம்பி, போகாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் இந்த ஒரு வரியை அனுப்பிவிட்டேன். இதே கேள்வியோடு அங்கே இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் தொண்டிக்காரன். 1995-இல் போனேன். ஆபீஸ் வேலை என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் அனுப்பினார். போய் இறங்கியதும் லாரியில் மூட்டை ஏற்றச் சொன்னார்கள். சிறு வயதில் மதரஸாவில் படித்த அரபு எழுத்து கையில் இருந்ததால் இராத்திரியில் அரபு டைப்பிங் கற்றுக்கொண்டு, டெய்ராவில் ஒரு டைப்பிங் சென்டரில் சேர்ந்தேன். 2019-இல் ஊர் திரும்பும் வரை நான் அடித்ததெல்லாம் மற்றவர்களின் விசாத் தாள்கள்தான்.

1998-இல் ஒரு பையன் கையில் கட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். ராமநாதபுரம் பக்கத்துப் பையன். ஷார்ஜாவில் ஒரு மரப்பட்டறையில் விசிட் விசாவிலேயே பத்து வாரம் வேலை பார்த்திருக்கிறான். விசா வருகிறது, வருகிறது என்றே ஓட்டியிருக்கிறார்கள். ரம்பத்தில் இரண்டு விரல் போய்விட்டது. “இவன் யாரென்றே எனக்குத் தெரியாது” என்று முதலாளி சொல்லிவிட்டார். புகார் மனு அடித்துக்கொடுத்தேன். வேலை பார்த்த இடத்தின் பெயரை அவன் சொன்னான், நானும் அடித்தேன். ஆனால் அங்கே வேலை பார்த்ததற்கு அவனிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. மூன்றாம் வாரம் வெறுங்கையோடு விமானம் ஏறினான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவன்தான் நினைவுக்கு வந்தான்.

இப்போது சட்டம் கடுமையாகிவிட்டது. பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் கம்பெனிக்கு ஒரு லட்சம் திர்ஹத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அது முதலாளிக்கு. பிடிபட்டால் நீங்களும் நாடு கடத்தப்படலாம், மறுபடி உள்ளே வர முடியாதபடி தடை விழலாம். ‘ட்ரெயினிங்தான்’, ‘ட்ரையல்தான், சம்பளம் கிடையாது’ என்று சொன்னாலும் அது வேலைதான். ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள்.

சரி, முறைப்படி என்றால் எப்படி? முதலில் கம்பெனி உங்கள் பெயருக்கு மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரைப் போட வேண்டும். (நம் ஆட்கள் இந்த அமைச்சகத்தை ‘மொஹ்ரே’ என்பார்கள்.) கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்துத் தரும் கடிதம் அதற்கு ஈடாகாது. அமைச்சகத்தின் படிவத்தில் சம்பளம், வேலை, விடுமுறை எல்லாம் அச்சாகி வரும். அது தமிழிலும் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மொழியையும் சேர்க்கலாம், அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டபின் வொர்க் பெர்மிட், பிறகு வேலைக்கான என்ட்ரி பெர்மிட். அது வந்ததும் நாட்டை விட்டு வெளியேறாமலே ஸ்டேட்டஸ் மாற்றிக்கொள்ளலாம், அதாவது விசிட்டிலிருந்து வேலை விசாவுக்கு மாறலாம். எங்கள் காலத்தில் இதற்காக ஈரானின் கிஷ் தீவுக்குப் போய், விசா வரும்வரை அங்கே நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. ஸ்டேட்டஸ் மாறிய பிறகு வேலைக்குப் போங்கள். மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி எல்லாம் தொடர்ந்து நடக்கும். மெடிக்கலில் ரத்தமும் எடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். ஊரிலிருந்து கிளம்பப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அல் கூஸ் கம்பெனி ஃப்ரீ ஸோனில் (தனி நிர்வாகம் உள்ள வணிக மண்டலத்தில்) பதிவானதாக இருந்தால் ஆஃபர் அந்த ஸோன் நிர்வாகம் வழியாக வரும், மொஹ்ரேயில் வராது. டிரேட் லைசென்ஸ் நகலைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

அந்த 6,000 திர்ஹம் விஷயம். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவும் வாங்கக் கூடாது, சுற்றிவளைத்தும் வாங்கக் கூடாது என்று 2021-ஆம் வருடத்து 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. 2022 பிப்ரவரி 2 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாதம் 500 பிடிப்பதும் சுற்றிவளைத்து வாங்குவதுதான். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. விசா வேலைக்கு நகலும் போட்டோவும் போதும். மெடிக்கலுக்கு அசல் தேவைப்பட்டால் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

இதையெல்லாம் சட்டம் பேசுகிற மாதிரி மேனேஜரிடம் சொல்ல வேண்டாம். கடன் இருக்கிறவனுக்கு வேலையும் வேண்டும், எனக்குப் புரிகிறது. இப்படிச் சொல்லுங்கள்: “சார், ஆஃபர் லெட்டரை இன்றைக்கே போடுங்கள், நான் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். பெர்மிட் வந்த அன்று காலையில் சைட்டில் நிற்பேன்.” ஆள் நிஜமாகவே தேவைப்படுகிற கம்பெனி இதற்குக் கோபப்படாது. நான் டைப் அடித்த காலத்திலேயே ஆஃபர் லெட்டரைத் தயார் செய்வது ஓரிரு நாள் வேலைதான். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறவர், பத்து நாளில் விசா எடுப்பார் என்று எப்படி நம்புவது?

ஆஃபர் வந்தால் மொத்தச் சம்பளத்துக்கு முன்னால் பேஸிக் எவ்வளவு என்று பாருங்கள். 2,200-இல் பேஸிக் 900 என்று போட்டுவிட்டு மீதியை அலவன்ஸ் ஆக்கிவிடுவார்கள். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு 21 நாள் பேஸிக். பேஸிக் 900 என்றால் வருடத்துக்கு 630 திர்ஹம், 1,500 என்றால் 1,050. இப்போது கேட்கலாம், கையெழுத்துப் போட்டபின் கேட்க முடியாது.

மீதி 19 நாளையும் இந்த ஒரு கம்பெனியையே நம்பிக் கழிக்காதீர்கள். ஏசி மெக்கானிக்குக் கோடையில் தேவை அதிகம். ஜெபல் அலி, துபாய் இன்வெஸ்ட்மென்ட் பார்க், ராஸ் அல் கோர், ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா எல்லா இடத்திலும் பராமரிப்பு கம்பெனிகள் இருக்கின்றன. காலையில் போங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். சி.வி. இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். உள்ளூர் போன் எண்ணையும் ‘விசிட் விசா, இன்ன தேதியில் முடிகிறது’ என்பதையும் மேலேயே போடுங்கள். மறைத்தால் கடைசியில் தெரிந்து கை கழுவிவிடுவார்கள். டிப்ளமா சான்றிதழ் அட்டஸ்டேஷன் ஆகவில்லை என்றால் வீட்டில் சொல்லி இன்றே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், எமிரேட்ஸ் தூதரகம் என்று மூன்று படி ஏற வேண்டும்.

நாள் முடிந்தும் கையில் எதுவும் இல்லையென்றால் முறைப்படி நீட்டியுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வாருங்கள். விசா முடிந்தபின் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம், இரண்டு மாதத்தில் 3,000 ஆகிவிடும். 2018 பொதுமன்னிப்பின்போது என் மேசைக்கு முன்னால் நின்றவர்களில் பலர் ‘இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்’ என்று தொடங்கியவர்கள்தான். கடனோடு திரும்புவது வேதனைதான். ஆனால் சுத்தமான பாஸ்போர்ட்டோடு திரும்பினால் மறுபடி போகலாம்.

ஏதாவது மிரட்டினால் தொழிலாளர் புகாருக்கு 80084. நம் தூதரகத்தின் உதவி மையத்துக்கு 800 46342, காசில்லாமல் பேசலாம். ஆஃபர் லெட்டர் உண்மையா என்பதையும் அங்கே கேட்கலாம்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு தேறவில்லை. கொத்தனார் வேலை தெரியும். “ஒன்றே கால் லட்சம் கொடுங்கள், ஆசாத் விசா எடுத்துத் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். இப்போதைக்கு விசிட்டில் போகட்டும், கிளியரன்ஸ் தொல்லை இருக்காது” என்று ஒருவர் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
– ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. ஆசாத் விசா என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் விசா அடித்துவிட்டு, ‘வெளியே போய்ப் பிழைத்துக்கொள்’ என்று விடுவதற்குத்தான் அந்தப் பெயர். விசா ஒரு கம்பெனியில், வேலை இன்னொரு இடத்தில் என்றால் உங்கள் மகன்தான் குற்றவாளி ஆவான். சாரத்திலிருந்து விழுந்தால் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

அந்த ஆள் ‘தொல்லை’ என்கிறாரே, அதுதான் உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் எமிரேட்ஸ் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். அந்தக் கம்பெனி, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவாகும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ உடல் முழுதாக முடங்கினாலோ 10 லட்சம் கிடைக்கும். விசிட்டில் போகிறவனுக்கு இதில் எதுவும் இல்லை.

உரிமம் பெற்ற ஏஜென்டு சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அந்த மனிதரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள், ரசீது கொடுப்பாரா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு வருவது நின்றுவிடும். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. மகனை அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் ஷார்ஜாவில் ஒரே கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தார். பேஸிக் 1,500 திர்ஹம். ஆட்குறைப்பு என்று விசாவை கேன்சல் செய்யப்போகிறார்கள். உடனே ஊருக்கு வந்துவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உடனே இல்லை தங்கச்சி. கேன்சல் ஆனபின் விசா வகையைப் பொறுத்து 30 நாளில் தொடங்கி 180 நாள் வரை அவகாசம் உண்டு. அவருக்கு எத்தனை நாள் என்று சரிபார்த்துக்கொண்டு, அதற்குள் வேறு வேலை தேடலாம்.

அவசரமாகச் செய்ய வேண்டியது வேறு. கேன்சலேஷன் தாளில் ‘எனக்குச் சேர வேண்டியதெல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கும். பணம் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே போனில் சொல்லுங்கள். அவருக்குக் கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு 5,250, ஆறாவது வருடத்துக்கு ஒரு மாத பேஸிக் 1,500, மொத்தம் 6,750 திர்ஹம். வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். எடுக்காத விடுமுறைக்கான பணம் தனி.

இன்னொன்று, 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம், அவருடைய சம்பளத்துக்கு மாதம் 5 திர்ஹம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால் பேஸிக்கில் 60 சதவீதம், அதாவது 900 திர்ஹம், மூன்று மாதம் வரை வரும். வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தெரியாமலே பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. துபாய் போவதில் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: வரலாம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட், வேலை விசாக்களில் வருவோரை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் எமிரேட்ஸ் அரசு அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் விமான நிலைய கவுன்டரில் நின்று வாதாட வேண்டாம். இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேமில் சேர்த்து, புதுப் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எஸ்’ஸுக்குப் பக்கத்தில் ஒரு ‘எச்’ கூடிப்போனதற்காகத் திரும்பி வந்த விண்ணப்பங்களை நானே மறுபடி அடித்திருக்கிறேன்.