பாய்லருக்குள் பார்த்த பிறகு விண்ணப்பம் எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ரயில் பாரம்பரியப் பாதுகாப்புக்கான மானியங்கள்

கேள்வி: எங்கள் சங்கத்திடம் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் நீராவி எஞ்சின் ஒன்று இருக்கிறது. அதை மீண்டும் ஓட வைக்க மானியம் கோர விரும்புகிறோம். முதலில் செய்ய வேண்டிய வேலை எது?

பதில்: விண்ணப்பப் படிவத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். எஞ்சின் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி, நீராவி எஞ்சின்களில் பழகியவரும் உங்கள் சங்கத்தைச் சேராதவருமான ஒரு பொறியாளரிடமிருந்து எழுத்து வடிவில் அறிக்கை பெறுவதே முதல் வேலை. வெளியே பளபளக்கும் பாய்லர் உள்ளே அரித்துப் போயிருக்கலாம். அதன் மேல் போர்த்தியிருக்கும் தகட்டையும் வெப்பக்காப்பையும் கழற்றி (பழைய எஞ்சின்களில் அது கல்நாராக இருக்கக்கூடும் என்பதால், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே கழற்ற வேண்டும்), துருவைச் சுரண்டி, இரும்பின் மேல் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஜெல் தடவி, ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியின் முனையை வைத்துத் தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் அளந்து, கிடைத்த எண்ணை அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டு போவார்கள். மேல் பகுதியில் ஒரே சீராக வரும் எண்கள், தண்ணீரின் கசடு தங்கும் கீழ்ப் பகுதிக்கு வரும்போது திடீரென்று இறங்கினால், உங்கள் திட்டத்தின் உண்மையான செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1923 இல் கட்டப்பட்ட ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ எஞ்சினை, பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004 இல் ஏறத்தாழ 23 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அதில் 18 லட்சம் பவுண்டு, தேசியப் பாரம்பரிய நினைவு நிதியம் அளித்த மானியம். அதன் பிறகு தொடங்கிய சீரமைப்பில், பிரித்துப் பார்க்கப் பார்க்க, சட்டகத்தின் விரிசல் உட்படப் புதுப் புதுப் பழுதுகள் வெளிப்பட்டன. முதலில் போட்ட கணக்கை எல்லாம் தாண்டிச் செலவு 42 லட்சம் பவுண்டு ஆயிற்று. எஞ்சின் மீண்டும் பயணிகளோடு ஓடியது 2016 இல்தான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இப்படி நேர்ந்தது என்றால், சிறிய சங்கத்தின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பிரிட்டனின் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியம், 2,50,000 பவுண்டுக்கு மேல் கேட்கும் திட்டங்களை இரண்டு கட்டமாகப் பிரிப்பதும் இதனால்தான் பொருள்படுகிறது. முதல் கட்டத்தில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் மட்டும் பணம் வரும். அதில் தேறினால்தான் வேலைக்கான பணம். ஆய்வுக்கென்றே தனியாகச் சிறு மானியம் கிடைக்குமானால் அதைத் தயங்காமல் முதலில் கேளுங்கள். விண்ணப்பங்களைப் படித்துப் பரிசீலிக்கும்போது, ஆய்வு கேட்டு வரும் சங்கத்தை நான் எப்போதும் கூடுதல் மதிப்போடுதான் பார்க்கிறேன்.

கேள்வி: நிலையக் கட்டடம், பாலம், எஞ்சின், பெட்டி என எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் நிதி கேட்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது; ஒவ்வொரு நிதியமும் தனக்கென ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1985 இல் தொடங்கப்பட்ட ரயில்வே பாரம்பரிய அறக்கட்டளை, பாரம்பரியச் சின்னங்களாகப் பட்டியலிடப்பட்ட நிலையங்கள், பாலங்கள் போன்றவற்றுக்கு உதவுகிறது; எஞ்சின்களுக்கு அல்ல. அமெரிக்காவின் தேசிய ரயில்வே வரலாற்றுச் சங்கம் தரும் சிறிய மானியங்கள் எஞ்சின், பெட்டி, கட்டடம், ஆவணம் எனப் பலவற்றுக்கும் போகின்றன, ஆனால் தொகை சிறியது. கட்டடம் நின்ற இடத்திலேயே நின்று ஊருக்குப் பயன்படுகிறது என்பதால், அதற்குப் பணம் கிடைக்கும் வாசல்கள் அதிகம். எனவே ஒரே விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் அடைக்காமல், எந்தப் பகுதி எந்த நிதியத்தின் வேலிக்குள் வருகிறது என்று பிரித்துக் கேளுங்கள்.

கேள்வி: ‘உங்கள் பங்கு எவ்வளவு’ என்று எல்லாப் படிவங்களும் கேட்கின்றன. எங்களிடம் பணம் இல்லை. உழைப்பு மட்டுமே இருக்கிறது.

பதில்: உழைப்பைக் குறைத்து மதிக்காதீர்கள். அமெரிக்காவில் தேசியப் பூங்காச் சேவை நடத்தும் ‘சேவ் அமெரிக்காஸ் டிரெஷர்ஸ்’ திட்டத்தில், மானியமாக வரும் ஒவ்வொரு டாலருக்கும் விண்ணப்பதாரர் இன்னொரு டாலர் ஈடாகக் காட்ட வேண்டும். பல நிதியங்கள் தன்னார்வலர்களின் வேலை நேரத்துக்கும் நன்கொடையாக வந்த பொருளுக்கும் மதிப்புப் போட்டு அந்தப் பங்கில் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். யார், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்தார் என்று கையெழுத்தோடு ஒரு வருகைப் பதிவேடு இன்றிலிருந்தே தொடங்குங்கள். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்த கை ஓய்ந்ததும், அந்த நாளைக் குறித்துவிட்டே வீட்டுக்குப் போக வேண்டும்.

பணப் பங்கைப் பொறுத்தவரை, ஒரே பெரிய புரவலரைத் தேடுவதைவிடச் சிறிய மாதச் சந்தாக்களைச் சேர்ப்பது நிலைக்கும். பிரிட்டனின் ‘ஏ1’ வகை எஞ்சின்கள் 49 கட்டப்பட்டு, ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்டுவிட்டன. அந்த வகையில் புதிதாக ஒன்றையே கட்டுவது என்று 1990 இல் சிலர் கூடி முடிவெடுத்தார்கள். மாதந்தோறும் சிறு தொகை செலுத்திய ஆயிரக்கணக்கான எளியவர்கள் தாங்கிப் பிடித்த அந்த முயற்சியில், சுமார் 30 லட்சம் பவுண்டு செலவில் ‘டொர்னேடோ’ என்ற அந்த எஞ்சின் 2008 இல் ஓடத் தொடங்கியது. இப்படி ஒரு சந்தாதாரர் பட்டியலைப் பார்க்கும் நிதியத்துக்கு, மானியம் தீர்ந்த பிறகும் இந்தச் சங்கம் கலையாது என்ற நம்பிக்கை பிறக்கும்.

கேள்வி: மழைக்காலம் வருவதால் பெட்டியின் கூரை வேலையைத் தொடங்கிவிட்டோம். அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்கலாமா?

பதில்: கூடாது. மானிய உத்தரவு வரும் முன்பு செய்த செலவை ஏறக்குறைய எந்த நிதியமும் ஏற்பதில்லை. நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துவிட்டு, முழுக் கூரையையும் உத்தரவு வந்த பிறகு செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் சீரமைக்கும் எஞ்சின் உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தமானது. இது தடையாக இருக்குமா?

பதில்: இருக்கும். பொதுப் பணத்தால் தனியாரின் சொத்து மதிப்பு உயர்வதை எந்த நிதியமும் விரும்பாது. எஞ்சினைச் சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ எழுதிக் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் நீண்ட காலக் குத்தகை ஒப்பந்தமாவது வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் எல்லாம் வாய்மொழி நம்பிக்கையிலேயே நடந்துவந்தது. உரிமையாளர் காலமானதும் வாரிசுகள் எஞ்சினைக் கொண்டுபோய்விட்டார்கள். பத்து ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கேள்வி: ஓட வைக்காமல் காட்சிக்கு மட்டும் வைத்தால் மானியம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும்; சில நேரங்களில் அதுவே சரியான முடிவு. ஓடும் எஞ்சினுக்குச் சீரமைப்பு ஒரு முறையோடு முடிவதில்லை. பிரிட்டனில் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு முறை பாய்லரை முழுமையாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள். அமெரிக்க விதியின்படி, 1,472 வேலை நாட்கள் ஓடிய பிறகு, அல்லது 15 ஆண்டு கழிந்த பிறகு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது அந்தச் சோதனை கட்டாயம். ஒவ்வொரு முறையும் பழைய தகடு, பழைய குழாய் போய்ப் புதியது வரும். பழைய தொழிலாளியின் கைவேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேல்ஸ் நாட்டின் பேரி ஊரில் இருந்த பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 213 எஞ்சின்கள் மீட்கப்பட்டன. எஞ்சின் ஆர்வலர்களின் பெரும் சாதனை அது. அவற்றில் எல்லாமே ஓடும் நிலைக்கு வந்துவிடவில்லை. ஒரே வகையில் பல எஞ்சின்கள் மிஞ்சியிருந்தால் ஒன்று ஓடட்டும். கடைசியாக மிஞ்சிய ஒன்றே உங்களிடம் இருந்தால், அதை அப்படியே காப்பதற்குக் கேளுங்கள். எதைக் கேட்டாலும், அடுத்த பத்தாண்டுப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், அது எங்கிருந்து வரும் என்ற பக்கத்தைத்தான் நான் முதலில் திருப்பிப் படிப்பேன்.

கேள்வி: எங்களிடம் எஞ்சினும் இல்லை, கட்டடமும் இல்லை. பழைய பணிமனை ஒன்றின் வரைபடங்களும் பதிவேடுகளும் மட்டுமே இருக்கின்றன.

பதில்: நீங்கள் வைத்திருப்பதற்குத்தான் மானியம் எளிதில் கிடைக்கும். அமிலமற்ற காகித உறைகள், பெட்டிகள், ஸ்கேன் செய்யும் செலவு, ஒரு பட்டியல் தயாரிப்பவரின் ஊதியம் ஆகியவை சிறிய தொகைக்குள் அடங்கும். ஓராண்டில் முடித்துக் கணக்கும் காட்டிவிடலாம். கஞ்சி ஏற்றிய துணியில் மையால் வரைந்த வரைபடங்களைச் சுருட்டியே வைத்திருந்தால், வலிந்து விரிக்காதீர்கள். மடிப்பில் விரிசல் விடும். ஈரம் பட்டாலும் அந்தத் துணி கெட்டுவிடும். அந்தப் பணிமனையில் வேலை பார்த்தவர்கள் யாரேனும் உயிரோடு இருந்தால், மானிய உத்தரவுக்காகக் காத்திராமல், இந்த வாரமே கைபேசியோடு போய் அவர்கள் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குச் செலவு கிடையாது.