பெல்பொட்டக் காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், 1970களில் மட்டக்களப்பு நகரத்துப் படப்பிடிப்பு நிலையம் ஒன்றில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். காதை மூடிய தலைமயிரும், தோள்பட்டையை நோக்கி நீண்ட கொலரும், சப்பாத்தை மறைக்கும் அகலமான 'பெல்பொட்டம்' காற்சட்டையுமாக நின்ற இளைஞர்களைக் கண்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களிலிருந்து தெரிந்தெடுத்த வினாக்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

பெல்பொட்டம் பரவிய காலம் துணித் தட்டுப்பாடு நிலவிய காலம் என்று என் தந்தையார் சொல்வார். அப்படியானால், கூடுதலான துணி தேவைப்படும் ஒரு மோஸ்தர் எங்கள் ஊரில் எவ்வாறு வேரூன்றியது?
– வாசகர் ஒருவர், கல்லடி

உங்கள் தந்தையார் சொல்வது சரியே. 1970 முதல் 1977 வரை பதவியிலிருந்த அரசாங்கம், அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுத் துணி அரிதாயிற்று; அரசின் துணி விற்பனை நிறுவனமான சலுசலவின் நிலையங்களிலும் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது; நிறத்தையோ தரத்தையோ தெரிந்தெடுக்கும் வாய்ப்புக் குறைவு. இந்தியத் தமிழ்ச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், சென்னையில் என்ன உடுக்கிறார்கள் என்பதை அறிய நமது இளைஞருக்கு இருந்த பெரிய வழி திரையரங்கே. திரைப்பட இறக்குமதியும் 1972இல் உருவான அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குச் சென்றிருந்ததால், புதிய படங்கள் காலந்தாழ்த்தியே வந்தன.

ஆகவே பெல்பொட்டம் இங்கே ஆயத்த ஆடையாக வந்து இறங்கவில்லை. அதை இங்குள்ள தையற்காரர்களே உருவாக்கினார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் கால நாகரிகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடிகர்களின் பெயர்களைச் சொல்கிறார்களேயன்றி, அந்த உடையை வெட்டித் தைத்துத் தந்த மனிதர்களை மறந்துவிடுகிறார்கள். படத்தில் கண்டதை இளைஞர் வாயால் விவரிப்பார். தையற்காரர் முழங்காலில் எத்தனை அங்குலம், அடியில் எத்தனை அங்குலம் என்று கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்வார். வெட்டிய துணியின் ஒரு சிறு துண்டை அந்தப் பக்கத்திலேயே குத்தி வைப்பார். முழங்கால்வரை காலைப் பிடித்து, அங்கிருந்து விரிந்து, அடியில் 24 அங்குலத்துக்கும் மேலாகச் சுற்றளவு வருமாறு வெட்டுவது இலகுவான வேலையன்று. விரிவு முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சரியாகப் பகிரப்படாவிட்டால், நடக்கும்போது துணி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தில் தச்சு, இரும்பு வேலை ஆகியவற்றுடன் தையலும் தலைமுறை தலைமுறையாக வந்த கைத்தொழில் என்பதையும் இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். மேனாட்டுக் காற்சட்டையும் மேலங்கியும் அவர்களுடைய திருமண வீடுகளில் நெடுங்காலம் புழங்கியவை.

துணிக்கு என்ன செய்தார்கள் என்பதே உங்கள் கேள்வியின் மையம். 1960களில் இறுக்கமான குழாய்க் காற்சட்டையே மோஸ்தராக இருந்தது. அண்ணனுடைய அல்லது மாமாவுடைய அந்தப் பழைய காற்சட்டையின் வெளித்தையலை முழங்காலுக்குக் கீழே பிரித்து, அங்கே முக்கோணத் துண்டொன்றை வைத்துத் தைத்தால் அது பெல்பொட்டமாகிவிடும். அதே நிறத்தில் துண்டு கிடைக்காதபோது வேறு நிறத்தில் வைத்தார்கள். பிறகு வேறு நிறத்தில் வைப்பதே ஒரு அழகாகிவிட்டது. இல்லாமையிலிருந்து பிறந்த இந்த அழகை நான் பெரிதும் மதிக்கிறேன். புதிதாகத் தைக்க விரும்பியவர்கள் தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கோ வீட்டில் எடுக்கும் ஒரே ஒரு புது உடுப்பை அதற்காக ஒதுக்கிக்கொண்டார்கள். சகோதரர்கள் இருவர் ஒரு காற்சட்டையை முறை வைத்து அணிந்த வீடுகளும் உண்டு.

அகலமான அடிப்பகுதி மண்ணில் இழுபட்டு விரைவில் நைந்துவிடும் என்பதால், உட்புறத்தில் உலோகச் சிப்பின் பல்வரிசையை வைத்துத் தைப்பது வழக்கமாயிற்று. அது விளிம்பைக் காத்ததோடு, பாரம் கொடுத்துத் துணியை நேராகத் தொங்கவும் வைத்தது. சைக்கிளில் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது: காற்சட்டை சங்கிலியில் சிக்கிக் கிழிந்துவிடும், கிழியாவிட்டால் கிறீஸ் கறை படியும். ஆகவே வலது காலைச் சுற்றி ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு போவார்கள்; போய்ச் சேர்ந்ததும் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைப்பார்கள்.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து, துணி தாராளமாக இறங்கியது. அந்த வேளையில் உலகத்தின் பிற பகுதிகளில் பெல்பொட்டத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது. நம் ஊரில் அது இன்னும் சில ஆண்டுகள் தங்கியதற்கு, விரும்பிய துணியை விரும்பிய அளவு வாங்க முடிந்த அந்த மகிழ்ச்சியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

நம் ஊர் வெயிலில் அந்த டெரிலீன் சேட்டுகளை எப்படித்தான் அணிந்தார்களோ?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

வியர்வையோடுதான் அணிந்தார்கள். டெரிலீன் என்பது 1941இல் பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்ட பொலியெஸ்டர் இழை. அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆனால் சூட்டில் ஒருமுறை பதிந்த மடிப்பு துவைத்த பின்னும் கலைவதில்லை, விரைவில் காய்ந்தும் விடுகிறது. கரிப்பெட்டியில் நெருப்பு மூட்டிச் சேட்டு அழுத்த வேண்டியிருந்த வீடுகளில் அது எவ்வளவு பெரிய வசதி என்பதை எண்ணிப் பாருங்கள். பருத்தியையும் பொலியெஸ்டரையும் கலந்த துணிகள் பரவிய பின்னர்தான் இளைஞர்களுக்கு ஓரளவு ஆறுதல் கிடைத்தது.

எங்கள் ஊர்க் கைத்தறித் துணியை அந்நாளைய இளைஞர்கள் நாகரிகமாகக் கருதினார்களா, அல்லது அது முதியவர்களின் உடையாகவே இருந்ததா?
– வாசகர் ஒருவர், மருதமுனை

இறக்குமதி குறைந்த ஆண்டுகளில் உங்கள் ஊர்த் தறிகள் இப்பிரதேசத்துக்கே உடுத்தக் கொடுத்தன. மருதமுனைச் சாரமும் சேலையும் கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்புக் கடைகளில் மதிப்போடு விற்பனையாயின. கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டி, மேலே வெள்ளைச் சேட்டை முழங்கைவரை மடித்துவிட்டு மாலையில் வெளியே போவது, தமிழ் இளைஞருக்கும் முஸ்லிம் இளைஞருக்கும் ஒருபோல அழகான கோலமாகவே இருந்தது. சாரத்தின் கட்டம் எவ்வளவு பெரிது, கரை என்ன நிறம் என்பவற்றிலும் ஆண்டுக்கு ஆண்டு இரசனை மாறியது.

1977க்குப் பின்னர் மலிவான இயந்திரத்தறித் துணி இறங்கியபோது கைத்தறி பெரும் அடி வாங்கியது. நூலின் விலையும் சாயத்தின் விலையும் ஏற, பல வீடுகளில் தறி ஓய்ந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை உங்கள் கடற்கரையில் உயிர்களோடு தறிகளையும் கொண்டுபோயிற்று. இவ்வளவுக்குப் பின்னும் மருதமுனையில் தறிச்சத்தம் கேட்கிறது என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இன்றைய இளைஞர்கள் கைத்தறியில் சேட்டுத் தைத்து அணிவதைக் காணும்போது, அது எப்போதோ நடந்திருக்க வேண்டியது என்று தோன்றுகிறது.

என் அம்மா பெரியபிள்ளையான நாளிலிருந்து தாவணி உடுத்தவர். நான் ஒரு நாளும் உடுத்ததில்லை. இந்த மாற்றம் எப்போது, ஏன் வந்தது?
– வாசகி ஒருவர், ஆரையம்பதி

திடீரென்று வந்த மாற்றமன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல உடைகள் தாவணியின் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. 1970களில் தரைவரை நீண்ட மெக்சி வந்தது. அதையடுத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மிடிப் பாவாடையும் உப்பிய கைவைத்த மேற்சட்டையும் வந்தன. சேலையிலோ முதலில் நைலெக்சும் பின்னர் 1980களில் பூனமும் கோலோச்சின. இரண்டும் மெல்லியவை, அழுத்தத் தேவையற்றவை, பூப்போட்டவை. சாந்துப்பொட்டுக்குப் பதிலாக ஒட்டுப்பொட்டு வந்ததும், காதில் பெரிய வளையத் தோடு வந்ததும் இதே காலத்தில்தான். 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய துணிகளும் வாசனைத் திரவியங்களும் இந்த இரசனையை வளர்த்தன. முஸ்லிம் ஊர்களில் சேலையும் முக்காடுமாக இருந்த வழக்கத்தோடு அபாயா சேர்ந்துகொண்டதும் அந்தத் தொடர்பின் வழியாகவே.

ஆனால் தாவணியை அன்றாட வாழ்விலிருந்து விலக்கிய உடை பஞ்சாபி எனப்படும் சல்வார் கமீஸ்தான் என்பது என் முடிவு. 1990களில் அது பரவியதற்குத் தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் காரணமாகச் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. எனினும், அதே காலத்தில் நமது பெண்பிள்ளைகள் பெருந்தொகையாகச் சைக்கிளில் டியூட்டரி வகுப்புகளுக்குப் போகத் தொடங்கியதை ஏன் எவரும் சேர்த்துச் சொல்வதில்லை? தாவணியோடு சைக்கிள் மிதிப்பது கடினம். காற்றில் பறக்கும், சில்லில் சிக்கும். பஞ்சாபி உடலை முழுவதும் மூடியது, பெற்றோருக்கு மறுப்பில்லை; கால்கள் தடையின்றி இயங்கின, பிள்ளைக்கும் வசதி. கல்வியைத் தேடி வீட்டை விட்டுத் தூரம் போக வேண்டியிருந்த ஒரு தலைமுறை, தனக்கு ஏற்ற உடையைத் தானே தெரிந்தெடுத்துக்கொண்டது. ஷாலை இரு தோள்களிலும் ஊசி குத்திப் பொருத்திக்கொண்டு, புத்தகங்களைக் கூடையில் வைத்துக் கல்லடிப் பாலத்தைக் கடந்து போன அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது, தாவணி போய்விட்டதே என்று வருந்த எனக்கு மனம் வருவதில்லை.

அந்த 'ஸ்டெப் கட்' தலைமயிரை இங்கே யார் வெட்டினார்கள்?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

ஊர்ச் சலூன்களிலேயே வெட்டினார்கள். காதை மூடிப் படிப்படியாக இறங்கும் அந்த வெட்டுக்குக் கமல்ஹாசனின் படமொன்று கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ரஜினிகாந்தின் நெற்றியில் விழும் மயிரை விரும்பியவர்கள் அடுத்த படத்தைக் காட்டுவார்கள். பாடசாலை மாணவர்கள் மட்டும் விடுமுறை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980களின் பிற்பகுதிப் படங்களில் நமது இளைஞர்கள் மிக எளிமையாகவே நிற்கிறார்கள். நாகரிகத்தில் ஆர்வம் குறைந்துவிட்டதா?
– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு

ஆர்வம் குறையவில்லை, அச்சம் கூடியது. 1983இல் போர் மூண்ட பின்னர் சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் அன்றாடமான போது, ஓர் இளைஞனின் உடை அவனுடைய உயிரோடு சம்பந்தப்பட்டதாயிற்று. இராணுவ உடையை நினைவூட்டும் பச்சையையும் உருமறைப்பு வடிவங்களையும் தவிர்த்தார்கள். கண்ணில் படாமல் போய்வருவதே பாதுகாப்பு என்று தாய்மார் நம்பினார்கள். மங்கலான நிறத்துச் சேட்டும் சாதாரணக் காற்சட்டையும் செருப்பும் அந்த நம்பிக்கையின் உடைகள். 1990இல் பலர் மாற்றுடுப்புக்கூட இல்லாமல் இடம்பெயர்ந்தார்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு, கிழக்கேயுள்ள எழுவான்கரைக் கடைத்தெருவுக்கு வந்து துணி எடுப்பதே ஒரு பெரும் பயணம்.

அப்படியிருந்தும், தொளதொளத்த பகி காற்சட்டையும், நுரைக்கல்லோடு போட்டுத் துவைத்து வெளிறச் செய்த டெனிமும் 1990களில் இங்கே வந்துதான் சேர்ந்தன. ஏற்றுமதிக்குத் தைக்கப்பட்டுக் கழிக்கப்பட்ட உடுப்புகள் கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையிலிருந்து பஸ்ஸேறி நம் ஊர்ச் சந்தைகளுக்கு வந்தன. அவ்வளவு நெருக்கடிக்குள்ளும் ஒரு டெனிமுக்காகக் காசு சேர்த்த பிள்ளைகளை அற்பமானவர்கள் என்று எவரும் சொல்லக் கூடாது. இளமையாக இருப்பதற்கு அவர்களுக்கும் உரிமை இருந்தது.

அம்மாவின் நைலெக்ஸ் சேலை ஒன்றும், அப்பாவின் பற்றிக் சேட்டு ஒன்றும் எஞ்சியிருக்கின்றன. படங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. இவற்றை எப்படிப் பேணுவது?
– வாசகி ஒருவர், கல்முனை

1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி, இடப்பெயர்வுகள், ஆழிப்பேரலை என்று அடுத்தடுத்து வந்தவற்றில் நமது மக்களின் நிழற்படங்கள் பெருமளவு அழிந்துவிட்டன. ஆதலால் எஞ்சிய உடுப்பே சான்றாக இருக்கிறது. அதைக் காக்க நினைக்கும் உங்களைப் பாராட்டுகிறேன்.

நைலெக்சை எளிதில் பூச்சி அரிக்காது. அதன் எதிரி சூடும் வெயிலும். சூடான அழுத்தி பட்டால் உருகிவிடும், நேர் வெயிலில் காயப்போட்டால் நாளடைவில் மஞ்சளித்து இழை தளரும். குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி நிழலில் உலர்த்துங்கள். பற்றிக் சேட்டு பருத்தியானால், கஞ்சி போட்டு வைக்கவே வேண்டாம். கஞ்சியைத் தேடி வெள்ளிப்பூச்சி வந்து துணியையும் சேர்த்துத் தின்னும். சாயம் இறங்கக்கூடுமாகையால் அதைத் தனியாகக் கழுவ வேண்டும். இரண்டையும் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். நமது கரையோர ஈரலிப்பு உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நிலத்திலிருந்து உயரமான அலுமாரித் தட்டில் வைத்து, மாரி முடிந்ததும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டு, முன்பிருந்த மடிப்பிலே மடிக்காமல் வேறிடத்தில் மடித்து வையுங்கள். உள்ளே ஒரு கடதாசியில் யாருடையது, எங்கே வாங்கியது, யார் தைத்தது என்று தெரிந்தவற்றை எழுதி வைக்கவும். தையற்காரரின் பெயர் நினைவிருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.