சகோதரம்

கேள்வி: மனித இரக்கம், குடும்பப் பிணைப்பு, சகோதர பாசம் பற்றிய சமஸ்கிருத சுலோகங்கள் சில சொல்லுங்கள். மகளுக்குப் பேச்சுப் போட்டி. ‘வசுதைவ குடும்பகம்’ மட்டும்தான் எனக்குத் தெரியும்.
– ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அதை விட்டுவிடுங்கள், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்லும். ‘நம்மவன், பிறத்தியான் என்று கணக்குப் பார்ப்பது சிறுமனம், பெருமனம் உள்ளவர்க்கு உலகமே குடும்பம்.’ அருமையான வரிதான். ஆனால் இதோபதேசம் என்ற சமஸ்கிருதக் கதை நூலில் இதைச் சொல்வது நரி. மானைத் தின்னும் ஆசையில் நட்புக் கேட்டு வந்து, காகம் சந்தேகப்பட்டதும் இதை எடுத்துவிடுகிறது. மேடையில் இந்த வரியைக் கேட்டால் முதலில் சொல்பவரைப் பாருங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன்.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்டது ‘சகோதர’ என்ற சொல். ‘உனக்கு எத்தனை சகோதரம்?’ என்று அன்றாடம் கேட்கிறோமே, அதில் இருப்பது உதரம், அதாவது வயிறு. ஒரே வயிற்றில் கிடந்தவர்கள் சகோதரர்கள்.

யுத்த காண்டத்தில் இராவணனின் வேல் பாய்ந்து இலக்குவன் விழுந்து கிடக்கிறான். இராமன் அழுகிறான்:

தேசே தேசே களத்ராணி தேசே தேசே ச பாந்தவா:
தம் து தேசம் ந பச்யாமி யத்ர ப்ராதா சகோதர:

மனைவியர் எந்த நாட்டிலும் கிடைப்பர், உறவினரும் கிடைப்பர். கூடப்பிறந்தவன் கிடைக்கும் நாட்டை மட்டும் நான் காணவில்லை என்கிறான். சீதையை மீட்க வந்த இடத்தில் அந்த முதல் அடியை அவன் சொல்லியிருக்கக் கூடாது. மகள் இந்தக் குறையையும் மேடையிலேயே சொல்லட்டும்.

சரி, வயிற்றுக்கு வருவோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழி. ஒரு தாயின் வழியை ‘வயிற்றுவார்’ என்றே சொல்கிறோம். இராமனும் இலக்குவனும் கொக்கட்டிச்சோலைக் கோயில் வாசலுக்கு வந்தால், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ‘என்ன குடி தம்பி?’ என்பார். தசரதன் மக்கள் என்பார்கள். ‘அது சரி, அம்மா என்ன குடி?’ என்று திரும்பக் கேட்பார். ஒருவன் கோசலையின் குடி, மற்றவன் சுமித்திரையின் குடி. குடிக்கொரு திருவிழா என்பதால் அதுவும் ஆளுக்கொரு நாளில் வரும்.

ஒரே வயிறு இல்லை என்று தெரிந்தே இராமன் ‘சகோதர:’ என்று அழுகிறான். அழுகை அந்தச் சொல்லைப் பெரிதாக்கிவிட்டது. வால்மீகிக்கே முதல் சுலோகம் அப்படித்தான் வந்தது. வேடன் அம்பில் விழுந்த கிரௌஞ்சப் பறவையைப் பார்த்த சோகமே சுலோகம் ஆயிற்று என்கிறது பால காண்டம். மனித இரக்கம் கேட்டீர்கள்; இது பறவைக்காக.

சமஸ்கிருதம் நமக்கு எதற்கு என்று கடிதம் எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், ‘மதங்க சூளாமணி’யில் தசரூபகம் என்ற சமஸ்கிருத நூலின் நாடக இலக்கணத்தைத் தமிழில் தந்தார். அதனால் அவர் தமிழ் ஒரு முழமும் குறையவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு, எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கல்லடியிலிருந்து ஒரு குழந்தையைக் கூட்டிவந்து வளர்த்தார். யார் பிள்ளை என்று கேட்டவர்களுக்கு, ‘என்ட சகோதரத்தின்ட புள்ள’ என்பார். அக்கா வீட்டுக்கு ஒரே பிள்ளை.