கேட்டீங்க, சொல்றன்: வெள்ளை கோட் எல்லாம் ஒரே வேலையா?

ஏ.எல். ரிசல்ட் வந்தா எனக்கு வாற கடிதமும் மாறிடும். இருபத்தாறு வருஷம் எக்ஸ்ரே ரூம்ல நிண்டவ எண்டதால எல்லாரும் என்னட்டத்தான் கேக்கிறாங்க.

அக்கா, மகள் பயோ செய்தவ, மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (யூனிக்கு எடுக்க ஏ.எல். மார்க்ஸை வச்சு கணக்கிடுற புள்ளி) காணாது. யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) போர்ம்ல பிசியோதெரபி, ரேடியோகிராபி (எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு), எம்.எல்.எஸ். (மெடிக்கல் லேப் படிப்பு) எதை மேல போடுறது? அவட்ட கேட்டா "ஏதாவது வெள்ளை கோட் வேலை" எண்டுறா.
- ஒரு அம்மா, கொட்டாஞ்சேனை

முதல்ல ஒண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற மாதிரி "கிடைக்கக்கூடியதை மேல போடு" எண்டதை கேட்காதீங்க. தெரிவு மேலயிருந்து கீழ வருது, ஸ்கோர் எட்டுற முதலாவது கோர்ஸ் கிடைக்கும், அதனால உண்மையா விரும்புறதுதான் மேல இருக்க வேணும். கூடுதலான கோர்ஸ்களுக்கு 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டக் கணக்கு, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு, கொழும்பு பிள்ளைக்கு கட் ஓஃப் கொஞ்சம் கடினம்தான், அதுக்காக ஆர்டரை மாத்த தேவையில்லை.

ஆனா மகள் சொன்ன பதில்ல அவ மேல பிழை இல்லை. போர்ம்ல இருக்கிறது கோர்ஸ் பேரும் யூனி கோடும்தானே, அந்த வேலை என்ன மாதிரி எண்டு யார் பிள்ளைக்கு காட்டினது? லேப்ல இருக்கிறவ நோயாளியை அதிகம் காண மாட்டா, ஊதா மூடி டியூப்பும் மைக்ரோஸ்கோப்பும் மெஷினும்தான் உலகம். பிசியோ எண்டா ஸ்ட்ரோக் வந்த ஐயாவை கட்டில்ல இருந்து எழுப்பி நாலு அடி நடக்க வைக்கிறது, அதையே நாளைக்கும் செய்யிறது, பொறுமை இல்லாட்டி ஒரு மாசத்தில வெறுத்துப்போகும். எங்கட எக்ஸ்ரே ரூம் ரெண்டுக்கும் நடுவில, மெஷினும் வேணும் மனுஷரும் வேணும், இரவு ட்யூட்டியும் இருக்கு. தெரிஞ்ச ஆள் மூலமா அனுமதி எடுத்து ஒரு அரை நாளாவது ஒவ்வொரு இடத்திலயும் மகளை ஓரமா நிக்க விடுங்க. அமெரிக்காவில கன பிசியோ ஸ்கூல்கள் அப்ளிகேஷனோட இத்தனை மணித்தியாலம் பக்கத்தில நிண்டு பார்த்திருக்க வேணும் எண்டு கேட்குறாங்க. எங்கட ஆக்கள் மார்க்ஸ் மட்டும் கேட்டுட்டு, ரெண்டாம் வருஷத்தில பிள்ளை விட்டுட்டு போனா "இந்தக் காலத்து பிள்ளைகள்" எண்டு பெருமூச்சு விடுவாங்க!

சுகாதார அமைச்சு ட்ரெய்னிங்குக்கு கெசட் (அரசாங்க வர்த்தமானி) எப்ப வரும் எண்டு பார்த்து பார்த்து வருஷம் போகுது. போன முறை எனக்கு தெரியவே லேட். பிரைவேட்ல சேரவா?
- 21 வயசு, வெள்ளவத்தை

கெசட் வெள்ளிக்கிழமைதான் வாறது தம்பி, நெட்ல தமிழ்லயும் போடுவாங்க, வெள்ளி ராத்திரி அஞ்சு நிமிஷம் பார்க்கிறதை பழக்கமாக்குங்க. ஆனா நீங்க வருஷக்கணக்கா காவல் இருக்க வேண்டி வந்தது உங்கட பிழை இல்லை. இந்த மாசம் விண்ணப்பம், இந்த மாசம் இன்டர்வியூ, இந்த மாசம் வகுப்பு எண்டு ஒவ்வொரு வருஷமும் மாறாத ஒரு கலண்டர் இருந்தா பாதி கண்ணீர் குறையும், கூடவே போன பட்ச்ல கடைசியா எடுத்த பிள்ளையின்ட மார்க்கையும் போட்டா போதும், ஆளைப் பிடிக்கவேணும் எண்ட கதையும் குறையும்.

பிரைவேட்ல காசு கட்டுறதுக்கு முதல், அந்த சேர்டிபிகேட்டை வச்சு மெடிக்கல் கவுன்சில்ல பதியலாமா எண்டு கவுன்சில்ட்டயே நேர கேளுங்க. கோர்ஸ் நடத்துறவர் சொல்றதையும் சுவர்ல தொங்குற போட்டோவையும் நம்பாதீங்க.

இந்தப் படிப்புகளுக்கு பிள்ளைகளை எடுக்க இன்டர்வியூவே வேண்டாம், மார்க்ஸ் மட்டும் போதும் எண்டுறன் நான். இன்டர்வியூ எண்டா சிபாரிசு.
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தெஹிவளை

சேர், உங்கட பயம் நியாயம். நான் ஒருக்கா ஒரு இன்டர்வியூ மேசைக்கு பின்னால இருந்தனான், எந்த இடம் எண்டு கேக்காதீங்க. ஆளுக்கு ஆறு நிமிஷம், "ஏன் இந்தத் துறை?", வந்த அத்தனை பேரும் "மக்களுக்கு சேவை செய்ய". பக்கத்தில இருந்தவர் பிள்ளை எந்த ஸ்கூல் எண்டு கேட்டுட்டு சிரிச்சார், அந்தச் சிரிப்பிலேயே மார்க் விழுந்திட்டு. அப்பிடியான இன்டர்வியூவை எடுத்து எறியலாம்.

ஆனா மார்க்ஸ் மட்டும் எண்டா? இடுப்பு உடைஞ்ச ஒரு அம்மாவை ட்ரொலியில இருந்து எக்ஸ்ரே டேபிளுக்கு மாத்தின நாள் ஞாபகம் வருது. பெட்ஷீட்டோட சேர்த்து நாலு பேர் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்டு நகர்த்துறம், புதுசா வந்த ரெண்டு பிள்ளைகள்ல பட்ச்ல முதலாவதா வந்தவர் கையை பொக்கட்டுக்குள்ள வச்சிட்டு மொனிட்டரை பார்த்துக்கொண்டு நிண்டார், மற்றவ யாரும் சொல்லாமலே அம்மாவின்ட முழங்காலுக்கு கீழ கையை குடுத்தா. அந்தக் கை எந்த இசட் ஸ்கோர்ல வரும் சேர்?

கனடாவில மெக்மாஸ்டர் யூனிவர்சிட்டி 2000களின்ட தொடக்கத்தில ஒரு வழி கொண்டுவந்தாங்க, ஒரே மேசைக்கு பதிலா பத்து சின்ன ரூம் மாதிரி, ஒவ்வொண்டிலயும் சுமார் எட்டு நிமிஷம், வேற வேற ஆள் மார்க் போடுவார், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நிலைமை. ஒருத்தருக்கு மாமாவை தெரிஞ்சாலும் மற்ற ஒன்பது பேருக்கும் தெரியாதே. எங்கட கணக்குக்கு நாலு ரூம் காணும். மார்க்ஸ் முதல் வடிகட்டியா இருக்கட்டும், அதை நானும் விட மாட்டன்.

எனக்கு சிவப்பும் பச்சையும் சரியா பிரிச்சு தெரியாது. எம்.எல்.டி. (லேப் டெக்னோலொஜி) போட்டா பிரச்சினையா?
- மாணவன், கொட்டாஞ்சேனை

வரலாம். கிருமியை பிரிச்சறிய சாயம் போடுற கிராம் ஸ்டெயின் பண்ணின ஸ்லைட்ல ஊதாவா ரோஸா எண்டதை வச்சுத்தான் முடிவு சொல்றது, டிபி கிருமி நீலப் பின்னணியில சிவப்பா தெரியும். இதை விண்ணப்பம் கோருற நேரமே பெரிய எழுத்தில போட வேணும் எண்டுறது என்ட சண்டை, போர்ம் அனுப்பி மாசக்கணக்கா காத்திருந்து பிறகு மெடிக்கல்ல தெரிய வாறது கொடுமை. ஒரு கண் டொக்டர்ட்ட போய் இஷிஹாரா புத்தகம் (கலர் புள்ளிகளுக்குள்ள இலக்கம் கண்டுபிடிக்கிற டெஸ்ட்) பாருங்க, எவ்வளவு குறைவு எண்டு எழுத்தில வாங்குங்க, அதுக்குப் பிறகு லிஸ்ட்டை எழுதுவம். பிசியோ பக்கம் யோசிச்சிருக்கிறீங்களா? அங்க கலர் இவ்வளவு தலையிடாது.