'கொரோபரி' பாலேயைத் திருட்டு என்று சொல்வது நியாயமா?

"நடனக் கலைஞர் பெத் டீன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பழகித்தானே, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ஆட்டத்தை வைத்து உருவான 'கொரோபரி' பாலேயை ஆடினார், அதைப் போய்த் திருட்டு என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மேடைப் படங்களைப் பார்த்து மயங்கியிருப்பீர்கள். நானும் மயங்கியவள்தான்.

சிட்னிக்கு வந்த புதிதில் மகளை ஒரு நடன வகுப்பில் சேர்த்தேன். ஆண்டு விழாவுக்குப் 'பூர்வகுடி நடனம்' என்றார்கள். எனக்குத் தையல் தெரியும் என்பதால் பதினொரு பிள்ளைகளுக்கும் உடம்போடு ஒட்டிய பழுப்பு உடை தைத்து, பூர்வகுடிகள் உடம்பில் தீட்டிக்கொள்வதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வைத்தேன். மூன்று வாரம் ராத்தூக்கம் இல்லை.

ஆட்டத்தின் நடுவில் ஒரு பாட்டி எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போய் விசாரித்தேன். சிட்னியின் லா பெரூஸ் பகுதியைச் சேர்ந்த பூர்வகுடிப் பெண்மணி. "இந்தப் புள்ளிகள் யாருடையவை என்று யாரையாவது கேட்டீர்களா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 'கொரோபரி'க்கு இசையமைத்த ஜான் ஆன்டில், சிறுவயதில் அதே லா பெரூஸில் பார்த்த ஆட்டத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார். 1946-ல் இசை மட்டும் அரங்கேறியது. 1950-ல் நடன அமைப்பாளர் ரெக்ஸ் ரீட் அதை பாலே ஆக்கினார். 1954-ல் எலிசபெத் ராணி வந்தபோது பெத் டீன் தன் வடிவத்தை ஆடினார். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை; கணவரோடு உள்நாட்டில் மாதக்கணக்கில் அலைந்தவர். ஆனால் அவர் போட்ட வேடம், ஆணாக ஏற்கப்படும் சடங்குக்குப் போகும் சிறுவனுடையது. பல சமூகங்களில் பெண்கள் பார்க்கவே கூடாத சடங்கு அது. அதை அமெரிக்காவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ராணியின் முன்னால் ஆடிக் காட்டினார்.

"அந்தக் காலம் அப்படி" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. 1951-ல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் ஐம்பதாம் ஆண்டுப் பொன்விழாவையொட்டி ரெக்ஸ் ரீடின் பாலே பல நகரங்களுக்குப் போனது. அதே விழாவில் பூர்வகுடிகளுக்கு இடமில்லை என்றதும், பூர்வகுடித் தலைவர்களான டக் நிக்கோல்ஸும் பில் ஓனஸும் தங்கள் கலைஞர்களைத் திரட்டி மெல்பர்னில் தனியாக மேடை போட்டார்கள். ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த ஆண்டும் அந்தப் பதினொரு உடைகளை வகுப்பில் கேட்டார்கள். காரணத்தைச் சொல்லி, தர மாட்டேன் என்றேன். மகளை வேறு வகுப்பில் சேர்க்க வேண்டி வந்தது.