கடைசி ராத்திரிக்கு தாஜ் ஹோட்டல்: 28,320 ரூபாய் தகுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 61 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரின் பென்ஷனும் சேர்த்து மாதம் 61,000 ரூபாய், செலவு 40,000. கடன் இல்லை. பேங்க்கில் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. 35-வது திருமண நாளுக்காக ஜனவரி கடைசியில் ஷீரடி, எல்லோரா, நாசிக் போய்விட்டு மும்பை வழியாகத் திரும்புகிறோம். இதற்காக 1,10,000 ரூபாய் எடுத்து வைத்துவிட்டோம். இவர் இளம் வயதில் இரண்டு வருடம் மும்பை மாட்டுங்காவில் தங்கி வேலை பார்த்தவர். தாஜ் ஹோட்டலை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. கடைசி ராத்திரி அங்கே தங்க வைக்க எனக்கு ஆசை. அறை 24,000, வரியோடு 28,320 காட்டுகிறது. கிரெடிட் கார்டில் வட்டியில்லா இ.எம்.ஐ. போடலாம் என்கிறாள் மகள். நாசிக்கில் இருந்து சாயங்காலம் 7 மணிக்கு மும்பை வந்து, மறுநாள் காலை 6 மணி விமானத்தில் கோவை திரும்புவதாகத் திட்டம். அந்த விமானத்தில் ஆளுக்கு 1,400 ரூபாய் குறைவு. டிக்கெட் இன்னும் போடவில்லை. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு செலவு செய்வது ஊதாரித்தனமா?

— வாசகி, நாமக்கல்

பதில்: ஊதாரித்தனம் இல்லை அம்மா. கடன் கிடையாது, மாதம் 21,000 மிச்சம், ஆத்திர அவசரத்துக்கு எஃப்.டி. இருக்கிறது. உங்கள் நிலையில் இருப்பவர் 35 வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் செலவு செய்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். என் ஆட்சேபணையெல்லாம் அந்தக் காலை 6 மணி விமானத்தின் மேல்தான்.

கணக்கைப் பாருங்கள். பெரிய ஹோட்டல்களில் பொதுவாக மதியம் 2 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். நீங்கள் காசு கொடுப்பது இந்த 22 மணி நேரத்துக்கு. உங்கள் திட்டப்படி 7 மணிக்கு உள்ளே போய், 3 மணிக்கு வாடகைக் கார் ஏறிவிடுவீர்கள். கையில் இருப்பது 8 மணி நேரம், மணிக்கு 3,540 ரூபாய். அதிலும் பாதி தூக்கம், மீதியில் பெட்டி கட்டும் வேலை. விடிந்ததும் எதிரே தெரியும் கடலை உங்கள் கணவர் பார்க்கவே போவதில்லை. வாடகையில் காலைச் சாப்பாடும் சேர்ந்திருந்தால் அந்தக் காசும் வீண். டிக்கெட்டில் 2,800 மிச்சம் பிடிக்கப் போய் 28,000 ரூபாய் அறையில் பாதிக்கு மேல் கோட்டை விடுகிறீர்கள்.

அதனால் நாசிக்கில் இருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பஞ்சவடி எக்ஸ்பிரஸ் ரயில் 7 மணியளவில் நாசிக் ரோடு ஸ்டேஷனுக்கு வரும், முற்பகலில் மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து தாஜ் இரண்டரை கிலோமீட்டர் போலத்தான். அறை தயாராகாவிட்டாலும் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் திரும்புவதற்கு மாலை விமானமாகப் பாருங்கள். தாஜ் இருக்கும் கொலாபாவில் இருந்து ஏர்போர்ட் 25 கிலோமீட்டர் போல இருக்கும், ஆபீஸ் விடும் நேரத்து நெரிசலை நம்ப முடியாது என்பதால் தாராளமாக நேரம் விட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது, உங்களுக்குக் காட்டும் 24,000 எந்தக் கட்டடத்துக்கு என்று பார்த்தீர்களா? தாஜில் இரண்டு பகுதிகள். குவிமாடத்தோடு படங்களில் வருவது 1903-ல் திறந்த பழைய பகுதி. கேட்வே ஆஃப் இந்தியா கட்டி முடிந்ததே 1924-ல்தான், ஹோட்டல் அதைவிட மூத்தது. பக்கத்தில் உயரமாக நிற்கும் டவர் 1970-களில் வந்தது. பழைய பகுதியில் வாடகை கூடுதலாகவே இருக்கும், முதலில் கண்ணில் படும் குறைந்த விலை பெரும்பாலும் டவருக்கானது. டவர் அறை மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கணவர் அந்த வயதில் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது குவிமாடத்தைத்தான் இருக்கும். அவருக்காகச் செலவு செய்வதென்றால் பழைய கட்டடத்திலேயே செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம். நடுவில் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உச்சவரம்பு, வரியோடு சேர்த்து 36,000. ஒரு நாள் வாடகை 7,500-ஐத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆக, வரிக்கு முன் 30,500-க்குள் பழைய பகுதியில் அறை கிடைத்தால் எடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் கொலாபாவிலோ பக்கத்து ஃபோர்ட் பகுதியிலோ ஒரு சுத்தமான ஹோட்டலில் தங்கிக்கொண்டு, தாஜின் முதல் மாடியில் இருக்கும் சீ லவுஞ்சில் சாயங்கால டீக்கு ஜன்னலோர மேஜை சொல்லி வையுங்கள். கேட்வே எதிரிலேயே தெரியும். விலையை போனில் கேட்கும்போது வரி சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், இந்த மாதிரி ஹோட்டலில் சாப்பாட்டுக்கும் 18 சதவீதம் வரும். அப்படித் தங்கும் அறையை 7,500-க்குள் பாருங்கள், அதுவரை வரி 5 சதவீதம்தான். 7,400 ரூபாய் அறைக்கு பில் 7,770, 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் 200 கூடினால் பில்லில் 1,198 கூடுகிறது! 7,500-ஐ ஒட்டி விலை சொல்லும் இடங்களில் கொஞ்சம் பேசிப் பாருங்கள், அவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

இ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம். வட்டியில்லா இ.எம்.ஐ.யில் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நம்மிடம்தான் வாங்குவார்கள். பல பேங்குகள் பிராசஸிங் கட்டணமும் போடும். மாதம் 21,000 மிச்சமாகும் வீட்டில், ஜனவரியில் தங்கிய ராத்திரிக்கு டிசம்பர் வரை தவணை எதற்கு? எஃப்.டி.யையும் உடைக்காதீர்கள், முன்கூட்டி எடுத்தால் வட்டியில் அபராதம் பிடிப்பார்கள். பயணத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. பேங்க்கில் 6 மாத ஆர்.டி. போட்டு மாதம் 6,000 கட்டினால் 36,000, மேலே கொஞ்சம் வட்டி. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. 5 வருடக் கணக்கு, உங்கள் கணவர் அதைச் சொன்னால் இந்த ஒரு தடவை கேட்காதீர்கள்.

புக் செய்யும்போது, பணம் திரும்பத் தராத சலுகை விலை கொஞ்சம் குறைவாகக் கண்ணைப் பறிக்கும். உங்கள் வயதில், ஷீரடி வரிசையில் நின்றுவிட்டு வரும் பயணத்தில், கேன்சல் செய்யக்கூடிய விலையே சரி. கடைசித் தேதி என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போகும்போது முன்பணமாக ஒரு தொகையை கார்டில் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மகளின் கிரெடிட் கார்டைக் கேட்டு வாங்கிப் போங்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் நிறுத்திய பணம் உங்கள் பென்ஷன் கணக்கிலேயே முடங்கி, விடுபட சில நாள் ஆகும். கார்டு மகள் பெயரில் இருப்பதால் அது செல்லுமா என்று முதலிலேயே ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். அதே மெயிலில் திருமண நாள் என்றும் எழுதுங்கள். கேக் வந்தால் லாபம்.