பிசிஷியன் அசிஸ்டன்டா, நர்ஸ் பிராக்டிஷனரா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் மகள் டெக்சஸில் உயிரியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நோயாளிகளைப் பார்க்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். ஆனால் மருத்துவப் படிப்புக்கும், அதன் பின் மருத்துவமனையில் பெற வேண்டிய ரெசிடென்சி பயிற்சிக்கும் ஆகும் அத்தனை ஆண்டுகளைச் செலவிட அவளுக்கு விருப்பமில்லை. பிசிஷியன் அசிஸ்டன்ட் (மருத்துவருடன் இணைந்து நோயாளிகளுக்குச் சிகிச்சையளிப்பவர்), நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு படித்து, தாமே சிகிச்சையளித்து மருந்து எழுதும் செவிலியர்) ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? முன்னதில் கடைசிவரை ஒரு மருத்துவருக்குக் கீழேயே இருக்க வேண்டியிருக்கும், பின்னதில் சொந்தமாக கிளினிக் நடத்தலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

ஒரு வாசகர், டெக்சஸ்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் இன்று நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பே அவருக்கு நேர்வழி என்று நினைக்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு முதலில் செவிலியராக வேண்டும்: செவிலியர் பட்டம், உரிமத் தேர்வு, அதன் பிறகே முதுகலையோ முனைவர் பட்டமோ. உயிரியல் பட்டதாரிக்கு இது ஒரு பட்டத்தை முடித்துவிட்டு இன்னொரு பட்டத்தைத் தொடங்குவதாகிவிடும். பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பிலோ, தேவையான அறிவியல் பாடங்களும் நோயாளிகளுடன் பணிபுரிந்த அனுபவமும் இருந்தால் நேராக முதுகலையில் சேரலாம். பெரும்பாலும் 27 மாதங்கள் அளவில் முடிந்துவிடும்.

இரு தொழில்களும் 1965ஆம் ஆண்டிலேயே பிறந்தன. டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பியவர்களைக் கொண்டு பிசிஷியன் அசிஸ்டன்ட் பயிற்சியைத் தொடங்கினார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியரான லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவரான ஹென்றி சில்வரும், அனுபவமுள்ள செவிலியர்களுக்குக் குழந்தை மருத்துவத்தில் மேற்பயிற்சி அளிக்கத் தொடங்கினர். முன்னது மருத்துவக் கல்வியைச் சுருக்கி அமைத்தது, பின்னது செவிலியர் கல்வியை மேலே நீட்டியது. இன்றைய வேறுபாடுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

அவற்றில் பெற்றோர் பலரும் கவனிக்கத் தவறுவது துறை மாறும் வசதியை. பிசிஷியன் அசிஸ்டன்ட் மாணவர் உள்நோய் மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை மருத்துவம், மனநலம், அவசர சிகிச்சை எனப் பல முக்கியத் துறைகளிலும், பொதுவாக 2,000 மணி நேரம் அளவுக்குச் சுழற்சி முறையில் பயிற்சி பெற்று, பொது மருத்துவத்துக்கான தேசியச் சான்றுத் தேர்வு ஒன்றை எழுதுகிறார். அதனால் எலும்பியல் அறுவைக் குழுவில் சேர்ந்து, காலையில் அறுவை அரங்கில் சர்ஜனுக்கு எதிரே நின்று திசுக்களை விலக்கிப் பிடித்து, இறுதியில் தையலிட்டு மூடி, மாலையில் அதே நோயாளியின் காயத்தைப் பார்த்து வலி மருந்தை மாற்றி எழுதும் ஒருவர், சில ஆண்டுகள் கழித்துத் தோல் மருத்துவத்துக்கோ இதயநோய்ப் பிரிவுக்கோ போக விரும்பினால் மீண்டும் கல்லூரிக்குச் செல்ல வேண்டியதில்லை, வேலையிலேயே பயின்றுகொள்ளலாம். நர்ஸ் பிராக்டிஷனரோ குடும்ப நலம், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், மனநலம் என ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கும்போதே தேர்ந்தெடுத்து, அதிலேயே சான்று பெறுகிறார். குடும்ப நலப் பிரிவில் சான்று பெற்றவர் மனநலப் பிரிவுக்கு மாற வேண்டுமானால் மேற்சான்றிதழ்ப் படிப்பும் புதிய தேர்வும் தேவைப்படும். இருபத்தோரு வயதில் தன் துறை எது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு என்பதால், இந்த ஒரு காரணத்துக்கே நான் பெரிய மதிப்பளிக்கிறேன்.

தனித்து இயங்கும் உரிமை பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது இடத்தைப் பொறுத்தது. நியூ மெக்சிகோ உட்படப் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் மருத்துவருடன் ஒப்பந்தம் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதலாம். உங்கள் டெக்சஸில் அப்படியில்லை. அங்கே இரு தொழிலினரும் மருந்து எழுதுவதற்கு மருத்துவர் ஒருவர் அந்த அதிகாரத்தை அளிக்க வேண்டும். சொந்த கிளினிக்தான் உங்கள் மகளின் உறுதியான கனவு, அதற்காக மாநிலம் மாறவும் தயார் என்றால், நர்ஸ் பிராக்டிஷனர் வழியே மேல் என்று தயங்காமல் சொல்வேன். மற்றபடி, "மருத்துவருக்குக் கீழே" என்ற அச்சம் தேவையற்றது. நோயாளியை ஆராய்வது, நோயைக் கண்டறிவது, பரிசோதனைகளுக்கு உத்தரவிடுவது எல்லாமே பிசிஷியன் அசிஸ்டன்டின் அன்றாட வேலைகள்தாம்.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இடைநிலை ஆண்டு வருமானம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் பெறும் அளவு) பிசிஷியன் அசிஸ்டன்டுக்கு ஏறத்தாழ 1,30,000 டாலர், நர்ஸ் பிராக்டிஷனருக்கு ஏறத்தாழ 1,26,000 டாலர்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செவிலியர் பணியை வெறும் படிக்கட்டாக எண்ணி அதில் நுழைவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது தன்னளவில் முழுமையான தொழில். அதில் மனம் ஒன்றாதவர் நோயாளிக்கும் பயன்பட மாட்டார், தானும் விரைவில் சோர்ந்துபோவார். எனவே வரும் விடுமுறையில் உங்கள் மகளைச் சர்ட்டிஃபைட் நர்சிங் அசிஸ்டன்டாகவோ (சான்று பெற்ற செவிலியர் உதவியாளர்) அவசர ஊர்தியிலோ பணியாற்றச் சொல்லுங்கள். முன்னதற்குச் சில வாரப் பயிற்சியே போதும். படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் குறித்துவைக்கும் அந்த மணி நேரங்களைப் பெரும்பாலான பிசிஷியன் அசிஸ்டன்ட் கல்லூரிகள் அனுபவமாக ஏற்றுக்கொள்கின்றன. அங்கே செவிலியர்களின் வேலையே அவரை ஈர்க்குமானால், வேறு பட்டம் பெற்றவர்களுக்கென ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் முடியும் துரித செவிலியர் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. அப்போது நான் முதலில் சொன்ன கருத்தை ஒதுக்கிவிட்டு அந்த வழியிலேயே அவரை அனுப்புங்கள்.